ஒன்றரை மூட்டையும் அடுத்த அறையும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பினேன். கூடத்து மேசை மேல் ஆறு சாத்துக்குடி, ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு சத்துப் பான பாட்டில் — பெயர் வேண்டாம், நீங்கள் நினைத்ததேதான் — வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்து நாற்காலியில் என் மைத்துனன் வேலு உட்கார்ந்திருந்தான். எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் பாகூர் பக்கத்தில் இந்த மூன்று பொருட்களும் ஒன்றாக ஒரு வீட்டுக்குள் வந்தால் அர்த்தம் ஒன்றுதான். அந்த வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள். ஊர் அதை முடிவு செய்துவிட்டது. படுத்தவருக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

வேலு என் மனைவி கஸ்தூரியின் தம்பி. குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவன். வழக்கமாக அவன் வந்தால் பைக் சத்தம் தெருமுனையிலும், அவன் சத்தம் அதற்கு முன்பாகவும் வந்துவிடும். அன்று மெதுவாகப் பேசினான். அதைவிடப் பெரிய விஷயம் — எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தான். என் கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் அவன் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"உக்காரு மாமா. நிக்காத," என்றான்.

உட்கார்ந்தேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான் நண்பர்களே. நான் இளைத்துவிட்டேன். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியின் தலையில் என் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படம். அதிலும் கழுத்துக்கு மேலேதான் போடுவார்கள். கீழே இருந்ததைப் போட வேண்டுமென்றால் ஆசிரியர் இன்னொரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

எவ்வளவு இருந்தேன்? அது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. எடை மெஷினில் ஏறி நின்று குனிந்தால் முள் தெரியாது. வயிறு நடுவில் நிற்கும். வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். என் எடையை இன்னொருவர் வாயால் கேட்க என் ரோஷம் விடவில்லை.

போன வருடம் அறுவடை சமயத்தில் வேலுவின் களத்துக்குப் போயிருந்தேன். நெல் மூட்டை எடை போடும் மெஷின் அங்கே இருந்தது. அதில் ஒரு வசதி — எண்கள் கீழே இல்லை, ஒரு கம்பத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு. எங்கள் பக்கம் ஒரு மூட்டை நெல் எழுபத்தைந்து கிலோ. முதுகுக்குப் பின்னாலிருந்து வேலுவின் குரல் கேட்டது.

"ஒன்ற மூட்ட வருது மாமா. தச்சி லாரில ஏத்திடலாமா?"

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவர்களுக்கு அது ஒரு கடமை. ஜோக் அவர்களைப் பற்றி என்றால் முதலில் சிரிக்க வேண்டியவர்கள் அவர்களேதான்.

மறுவாரம் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயது. பிரஷர் அதிகம், சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, ஈரலில் கொழுப்பு. மாத்திரை எழுதினார். ஒரு தாளில் சாப்பாட்டு அட்டவணையும் எழுதினார். சோறு ஒரு கரண்டி. காய் எவ்வளவு வேண்டுமானாலும். முட்டை, மீன், பயறு உண்டு. எண்ணெயில் போட்டு எடுத்தது எதுவும் கூடாது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "வேற ஏதாவது கஷ்டம் இருக்கா சார்... வீட்டுல, வொய்ஃப் கூட?" என்று கேட்டார். இந்த எடையில் அதுவும் வரும், வெட்கப்படத் தேவையில்லை என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் வார போஸ்டரை இரண்டு முறை கவனமாகப் படித்தேன். அதிலிருக்கும் ஐந்து அறிவுரைகளும் இன்னும் எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்கு வந்து டயட்டைத் தொடங்கினேன். இங்கேதான் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பிரஷருக்காகவோ ஈரலுக்காகவோ நான் அதைத் தொடங்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு எங்கள் மகள் கல்யாணமாகிக் கடலூருக்குப் போனாள். அவள் அறை காலியானது. அந்த வாரமே கஸ்தூரி தன் தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. கோபம் இல்லை. "சத்தம் தாங்கலங்க," என்றாள். அவ்வளவுதான்.

என் குறட்டை அப்படி. கல்யாண மண்டபங்களில் நான் படுத்த மூலையில் யாரும் படுக்க மாட்டார்கள். ஒருமுறை திருப்பதி பஸ்ஸில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பகலெல்லாம் எப்போதும்போல்தான். காபி கொடுப்பாள். பேப்பரில் வந்ததைச் சொன்னால் கேட்பாள். எனக்குக் குனிய முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கால் நகத்தை வெட்டிவிடுவாள். ராத்திரி ஒன்பதரைக்கு அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். கட்டிலின் அந்தப் பாதி முழுவதும் எனக்கே. நான் அவ்வளவு பெரிய ஆள், அந்தப் பாதியும் எனக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருடமாக நான் என் பாதியில்தான் படுத்தேன்.

என் கணக்கு எளிமையானது. இளைத்தால் குறட்டை போகும். குறட்டை போனால் தலையணை திரும்பி வரும். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. கஸ்தூரியிடமும் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் மனைவியிடம் போய், 'உனக்காகத்தான் பரோட்டாவை விட்டேன்' என்று எப்படிச் சொல்வான்?

விட்டது பரோட்டா மட்டுமா? பனித்திட்டிலிருந்து மீன்கார அம்மா கூடையில் சங்கரா கொண்டு வருவார். கஸ்தூரி மண்சட்டியில் குழம்பு வைப்பாள். அதன் மறுநாள் ருசியைப் பற்றி உங்களிடம் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழம்புக்கு எதிரில் ஒரே ஒரு கரண்டி சோற்றோடு உட்கார்ந்திருப்பது... நிறையப் பேச விஷயம் இருந்தும் கேட்க ஆளில்லாத வீட்டில் இருப்பதைப் போல. பாதிக் குழம்பு தட்டிலேயே நிற்கும். வில்லியனூரில் வேலை இருந்தால், கொத்துப் பரோட்டாக் கடையின் கல் சத்தம் கேட்காத பின் தெருவாகச் சுற்றிப் போவேன். அதுவும் நடைப்பயிற்சிதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

இளைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் ஐந்து கிலோவை யாரும் கவனிக்கவில்லை. பத்து கிலோ போனதும் பாராட்டினார்கள். பதினைந்தில், "போதும், நிறுத்திடு" என்றார்கள். இருபதைத் தாண்டியதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பேச்சு நின்றுபோனது. அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உடம்பைக் கேட்டால் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு மாடியில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. முன்பு நடுப்படியில் நின்று, சுவரில் இருக்கும் அறிவிப்பைப் படிப்பது போல மூச்சு வாங்கிக்கொள்வேன். இப்போது அந்த அறிவிப்பு என்னவென்றே பார்ப்பதில்லை. முட்டி வலி இல்லை. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனவன் ஒரு தடவை போகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு உள்ளே வந்துவிட்டது. கால் நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடைசிச் சாதனையை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் அவள் என் உடம்பைத் தொட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம்தான். இளைத்ததும் அதுவும் போயிற்று. ஒருநாள் நக வெட்டியை ஒளித்து வைத்துக்கூடப் பார்த்தேன். அவள் புதிது வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

எடை குறையக் குறைய குறட்டை தேய்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு சந்தேகம் வந்து, போனைத் தலைமாட்டில் வைத்து ரெக்கார்டு செய்தேன். மறுநாள் மதிய இடைவேளையில், இயர்போனை மாட்டிக்கொண்டு என் இரவைக் கேட்டேன். ஃபேன் சத்தம். ஒரு நாய். நாலரைக்குக் கோயில் மைக். அவ்வளவுதான். அந்த மைக்கைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவன் பாகூரில் நான் ஒருவன்தான்.

அன்று வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். கஸ்தூரி பின்பக்கம் முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள். குறட்டை நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

அடுத்த கிளையை வளைத்தாள். அன்று ஒன்பதரைக்கும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. மறுநாளும். அதற்கடுத்த வாரமும்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பிரச்சினை குறட்டை இல்லை. நான்தான். சத்தம் என்பது மரியாதைக்காகச் சொன்ன காரணம். இருபத்திரண்டு கிலோவை இறக்கி வைத்த பிறகும் மிச்சம் தொண்ணூறு கிலோ இருக்கிறதே — அது நான். அதை எந்த அட்டவணையாலும் குறைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் நான் டயட்டில் இருந்தது பழக்கதோஷத்தால்தான். எடையும் தன்பாட்டில் குறைந்துகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் வேலு சாத்துக்குடியோடு வந்தான்.

என்னை உட்கார வைத்துவிட்டு அவன் சமையலறைக்குப் போனான். ரகசியம் பேசிப் பழகாதவன். களத்தில் லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தியே வளர்ந்த தொண்டை. அவன் கிசுகிசுத்தது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா, எங்கிட்ட மறைக்காத. எந்த ஆஸ்பத்திரில காட்றீங்க?"

கஸ்தூரி டயட் என்று சொன்னாள்.

"யாருனா வேணும்னே எளைப்பாங்களாக்கா? பயிரு வாடுச்சின்னா தண்ணி இல்லன்னு அர்த்தம். தண்ணி இருந்தும் வாடுச்சின்னா வேருல பூச்சின்னு அர்த்தம். மாமா ஒன்ற மூட்டயா இருந்த மனுஷன். இப்ப பாரு, சட்டதான் நடந்து வருது."

கஸ்தூரி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை நிறுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று ராத்திரி என்னைக் கேட்காமலேயே தட்டில் இரண்டாவது கரண்டி சோறு விழுந்தது. நானும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை. அலுவலகத்தில் ஓர் அம்மா தன் மகனின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தார். பழைய பதிவேடு மேல்தட்டில் இருந்தது. நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தேன். அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. சாய்ந்தது நான்தான் என்று தரையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ கஸ்தூரிக்குப் போன் செய்தார்கள். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஆட்டோவில் ஐந்து நிமிட தூரம்தான். ஆட்டோ கிடைக்கவில்லையாம், பஸ் ஸ்டாண்டு வரை ஓடியிருக்கிறாள். அவள் காலில் இருந்தது வீட்டில் கிடந்த என் பழைய செருப்பு. படியேறி வரும்போது அது டப் டப்பென்று சத்தம் போட்டது. என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். என் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

அதே ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். முகம் சுருங்கியது. மறுபடி பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கடைசியாக எப்போது செக்கப்புக்கு வந்தீர்கள் என்றார். யோசித்துச் சொன்னேன். ஐந்து மாதம்.

"உடம்பு குறைஞ்சா பிரஷரும் குறையும் சார். நீங்க பழைய ஆளுக்கு எழுதுன மாத்திரைய இன்னும் முழுங்கிட்டு இருக்கீங்க. பிரஷர் ரொம்ப இறங்கிப் போச்சு. அதான் மயக்கம்," என்றார்.

இதை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இளைக்கிற ஆண்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சட்டையை ஆல்டர் செய்யத் தையற்காரரிடம் ஓடுகிறோம். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போடுகிறோம். மாத்திரை அளவும் மாற வேண்டும் என்று தோன்றுவதில்லை. நாமாகவும் குறைக்கக் கூடாது, நாமாகவும் நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் போக வேண்டும். நான் போகவில்லை. எடைதான் குறைகிறதே, அப்புறம் எதற்கு டாக்டர் என்ற திமிர்.

மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதிக்கொண்டே, "தூக்கம் எப்படி?" என்றார் டாக்டர்.

பிரமாதம் என்றேன். குறட்டை சுத்தமாக நின்றுவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

டாக்டர் கஸ்தூரியைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

"சத்தம் இல்ல டாக்டர்."

அதோடு நிறுத்தியிருப்பாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டார். கஸ்தூரி தன் மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முன்ன கொறட்ட வரும் டாக்டர். நல்லா வந்துகினே இருக்கும், டக்குனு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு... பத்து, பன்னெண்டு வரைக்கும் போவும். ஒருவாட்டி இருவத்தி நாலு. அப்புறம் தண்ணிலேர்ந்து மேல வர்ற மாதிரி ஒரு மூச்சு வரும். மறுபடியும் கொறட்ட. கொஞ்ச நேரத்துல மறுபடியும் நிக்கும்."

டாக்டர் எதுவும் எழுதவில்லை.

"பக்கத்துல படுத்தா எண்ணிகினேதான் இருக்கணும். இருவத்தி நாலுக்கு மேல போச்சின்னா இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. முடியல டாக்டர். அதான் பொண்ணு ரூமுக்குப் போயிட்டேன். செவுத்துக்கு அந்தாண்ட படுத்தா கொறட்ட மட்டுந்தான் கேக்கும். ஃபேன் சத்தத்துல நடுவுல நிக்கறது தெரியாது."

நான் தாய்ப்பால் போஸ்டரைத் தேடினேன். அந்த இடத்தில் இப்போது டெங்கு போஸ்டர் இருந்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை.

ஒன்பது வருடமாக எனக்கு இது தெரியாது. அலமாரி நிறைய புத்தகம் வைத்திருக்கிறேன். மனித மனதைப் பற்றி வாரா வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். என் பக்கத்தில் படுத்திருந்த ஒருத்தி என்னுடைய மூச்சை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப?" என்றார் டாக்டர்.

"இப்ப ஒண்ணுமே கேக்கல. ரெண்டு மாசமா. எழுந்து எழுந்து போயி கதவாண்ட நின்னு பாக்கறேன், வயிறு ஏறி எறங்குதான்னு. முன்னல்லாம் அங்கேர்ந்தே தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப வயிறும் இல்ல."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா, எனக்குத் தெரியாது. பிறகு கஸ்தூரிக்கு நிதானமாக விளக்கினார். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுக்குழாயை அழுத்தும், மூச்சு நின்று நின்று வரும். பெரிய உடம்பு ஆண்களுக்கு இது நிறைய உண்டு, அவர்களுக்கே தெரியாது. எடை குறைந்ததில் அது சரியாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தூக்கப் பரிசோதனை இருக்கிறது, சீட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

"அது வரைக்கும் பக்கத்துல படுத்து நீங்க பாருங்கம்மா. நிக்குதா, நிக்கலையான்னு நீங்கதான் எனக்கு வந்து சொல்லணும்."

பதினொரு மாதமாக நான் சாப்பிடாமல் கேட்டதை, அந்தப் பெண் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மெதுவாகத்தான். அவள் காலில் என் செருப்பு. ஏரிக்கரை வந்துவிட்டது. அப்புறம் நான்தான் கேட்டேன். ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை?

"சொன்னா நீங்க தூங்கவே மாட்டீங்க."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள்.

"சத்தம்னு சொன்னா சிரிச்சிகினே விட்டுடுவீங்க. அதான் சத்தம்னு சொன்னேன்."

நான் அந்த ஒன்பது வருடமும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். என் குறட்டையைப் பற்றி இந்தப் பத்தியிலேயே மூன்று முறை எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

அன்று ராத்திரியே அவள் வந்துவிடவில்லை. சினிமாவில் என்றால் வந்திருப்பாள். ஒன்பதரைக்குக் கதவருகில் நின்று, "ராத்திரில என்னால ஆவாது. படுத்த ஒடனே பழைய மாதிரி எண்ண ஆரம்பிச்சிடுவேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் பாக்கறேன். வெளிச்சத்துல," என்றாள். வெள்ளியும் சனியும் நான் சாப்பிட்டது என்னவென்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. சாப்பாடு ஞாபகம் இல்லாமல் என் வாழ்க்கையில் கழிந்த இரண்டு நாட்கள் அவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன். ஒரு கரண்டி சோறு. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். பல் தேய்த்தேன் என்பதையும், சட்டையை மாற்றினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அலமாரிக் கண்ணாடியில் பார்த்தபோது, முன்பு கன்னம் இருந்த இடத்தில் தோல் தொங்கியது. வேலு சொன்னதில் தப்பில்லை. குண்டாக இருந்தபோது நான் இளமையாக இருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. வந்தாள். தலையணை கொண்டுவரவில்லை. சோதனை செய்ய வந்தவள்தானே. கட்டில் ஓரத்தில் பரீட்சை ஹால் டீச்சர் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தூங்குங்க," என்றாள்.

இப்படி ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் யாருக்காவது தூக்கம் வருமா? கண்ணை மூடிக்கொண்டேன். புடவையில் மஞ்சளும், மீனும், பாத்திர சோப்பும் கலந்த வாசனை. முணுமுணுவென்று எண்ணும் சத்தம். ஒண்ணு... ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு. மூச்சு வரும்போதெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அவள் இரண்டைத் தாண்டிப் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "முதுகு வலிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாய்ந்தாள். கட்டிலின் அந்தப் பாதி இறங்கியது. ஒரு கை வந்து என் விலா மேல் உட்கார்ந்தது. போன வருடம்வரை அங்கே விலா என்று ஒன்று இருந்ததற்கு எந்த அடையாளமும் கிடையாது. அந்தக் கை ஒரு நிமிடம் தயங்கி, எலும்பைத் தடவிப் பார்த்து, இடம் பிடித்துக்கொண்டது.

ஒண்ணு... ஒண்ணு... ஒண்...

எண்ணும் சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பகீரென்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கஸ்தூரி தூங்கிவிட்டாள். இரண்டு மாதமாக ராத்திரியில் கதவருகில் வந்து வந்து நின்ற தூக்கம். அதற்கு முன்னால் எத்தனை வருடத்துத் தூக்கமோ.

நான் அசையவில்லை. அந்தக் கைக்குத் தெரியட்டும் என்று மூச்சைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சத்தமாகவே விட்டேன். என் கை மரத்துப் போயிற்று. மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்து, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. சாப்பிடட்டும், அதற்கு டயட் கிடையாது.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. டாக்டரின் அட்டவணைப்படி நான்கு மணிக்கு எனக்கு ஒரு டம்ளர் மோரும் ஒரு பிடி வறுத்த கடலையும் உண்டு. பதினொரு மாதத்தில் அதை நான் தவறவிட்டதே இல்லை. வயிறு கேட்டுப் பார்த்தது. நாலேகால், நாலரை, ஐந்து.

டயட்டை நான் மீறியது இது முதல் முறை அல்ல. சாப்பிடாமல் மீறியது இதுதான் முதல் முறை.